இசையே ஆயுதமான இளம் அரசி: மனம் திறக்காத ஒருத்தியை வாசகருக்கு எப்படி நெருக்கமாக்குவது?

நெய்தல்நிலா:

எல்லோருக்கும் வணக்கம். மிகுபுனைவுத் தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடக்க அத்தியாயங்களை நண்பர்கள் சிலரிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லோருக்கும் தடங்கல் ஒரே இடத்தில்தான் வருகிறது: கதாநாயகி.

அவள் பெயர் நறுவீ. வயது 19. கருங்கழி என்னும் உப்பங்கழி நாட்டின் அரசி. அண்ணன் போரில் விழுந்ததால் 17 வயதில் முடி இவள் தலைக்கு வந்தது. மேற்கே மலையடிவாரத்தில் ஏழு குறுநிலத் தலைவர்கள் இருக்கிறார்கள். ஆறு அவர்கள் நிலங்களைக் கடந்துதான் கீழே வர வேண்டும். அவர்கள் மடையை அடைத்த ஆண்டுகளில் கழியின் உப்பு வயலுக்குள் ஏறிவிடும், நாற்று கருகிவிடும். ஏழு பேரையும் தன் கொடிக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது அவள் ஆசை. அதை யாரிடமும் சொல்வதில்லை. அமைச்சரிடம் ஒன்று சொல்வாள், தோழியிடம் வேறொன்று சொல்வாள், தாயிடம் எதுவுமே சொல்லமாட்டாள்.

மந்திரம் முழுக்க இசை. யாழ் மீட்டி அவள் பாடினால் கேட்பவரின் உடலும் எண்ணமும் அந்தப் பண்ணுக்கு இணங்கிவிடும்.

சிக்கல் இரண்டு. படித்தவர்கள் இவளைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள், கொஞ்சம் அழவிடு, கொஞ்சம் சிரிக்கவிடு என்கிறார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. இந்த இறுக்கம்தான் எனக்கு அவளிடம் பிடித்ததே. அடுத்தது, இப்படி ஒரு ஆற்றல் இருப்பவள் முதல் நாளே ஏழு பேரையும் வரவழைத்துப் பாடி மடக்கிவிடலாமே? "பாடினால் களைத்துப்போவாள்" என்று வைத்திருக்கிறேன். படிக்கும்போது எனக்கே சப்பென்று இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

கார்த்திகைவிளக்கு:

களைப்பை எடுத்துவிடுங்கள். பழைய பாட்டுகளில் இசைக்கு என்ன ஆற்றல் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், எல்லை தானாகக் கிடைக்கும்.

அகநானூறு 102-இல் ஒரு காட்சி. இரவு நேரம், தினைப்புனம். காவலிருக்கும் குறவன் பரணில் கிடக்கிறான், அவன் மனைவி கூந்தலை விரல்களால் கோதிக்கொண்டே குறிஞ்சிப்பண் பாடுகிறாள். கதிர் மேய வந்த ஆண்யானை கதிரைக் கடிக்கவும் இல்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. தூக்கமே அறியாத கண் மூடி அப்படியே உறங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையில் வழிப்பறிக் கள்வர்கள் பாலையாழ் கேட்டுக் கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிடுகிறார்கள்.

இரண்டிலும் இசை யாரையும் வீழ்த்தவில்லை. வந்த நோக்கத்தை மறக்க வைக்கிறது, அவ்வளவுதான். பண் நின்றால் யானை விழித்துக்கொள்ளும், கள்வன் குனிந்து வாளை எடுத்துக்கொள்வான். நறுவீ ஏழு தலைவர்களையும் உட்காரவைத்துப் பாடலாம். ஏழு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் தெளிந்து ஏழு பேரும் சேர்ந்து படையெடுப்பார்கள். இவளுக்குத் தேவை நிலைத்த ஆட்சி, மந்திரம் தருவதோ ஒரு நாழிகை மறதி. அந்த ஒரு நாழிகையை எங்கே செலவழிக்கிறாள் என்பதுதான் இவளுடைய அரசியல் அறிவு.

வேளை என்றொரு கட்டுப்பாடும் உண்டு. மருதம் காலைக்கு, செவ்வழி மாலைக்கு. புறநானூறு 149-இல் வன்பரணர் நள்ளி என்னும் வள்ளலைப் பார்த்துச் சொல்கிறார்: உன் கொடையால் எம் பாணர்கள் மாலையில் மருதம் வாசிக்கிறார்கள், காலையில் செவ்வழி வாசிக்கிறார்கள், முறையையே மறந்துவிட்டார்கள் என்று. உங்கள் உலகில் வேளை தவறிய பண் வேலை செய்யாது என்றோ, திரும்பி வந்து பாடினவளையே தாக்கும் என்றோ வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அசுணம். யாழிசை கேட்டால் மறைவிலிருந்து வெளியே வரும் விலங்கு. அப்படி மயக்கி வரவழைத்துக் கொல்வார்கள். நற்றிணை 304-இல் தலைவி தன் காதலன் மார்பை அசுணம் கொல்பவர் கைக்கு ஒப்பிடுகிறாள், இன்பமும் அதுவே தரும் துன்பமும் அதுவே தரும் என்று. உங்கள் அரசியின் அவையில் இருப்பவர்கள் அவள் கையை இப்படித்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வையின் நடுவே இரண்டு ஆண்டு வளர்ந்தவள் எப்படிச் சிரிப்பாள்?

சுருதிப்பெட்டி:

விளக்கு ஐயா சொன்னதோடு இசைப் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சேர்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

ஏழு தலைவர்கள் என்று வைத்திருக்கிறீர்கள். ஏழு பாலை, அதாவது பழந்தமிழ் இசையின் ஏழு சுரவரிசைகள், கையிலேயே இருக்கிறதே! குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகியவை ஏழு சுரங்கள் (குரல் என்பது இன்றைய சட்ஜம், அதாவது அடிச்சுரம்; இளி என்பது பஞ்சமம்). செம்பாலையில் நரம்புகளைக் கட்டிவிட்டு, எந்த நரம்பையும் முறுக்காமல் தளர்த்தாமல், குரல் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் அடுத்த நரம்புக்கு மாற்றினால் படுமலைப்பாலை பிறக்கும். அதற்கடுத்த நரம்புக்குப் போனால் செவ்வழிப்பாலை, பிறகு அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. இன்று பலர் ஏற்கும் கணக்கில் செம்பாலை அரிகாம்போதி ராகம். அதிலிருந்து கிரகபேதம் செய்தால், அதாவது இப்படி அடிச்சுரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், வரிசையாக நடபைரவி, பஞ்சமம் இல்லாத ஒன்று, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி.

நரம்பு அதே நரம்பு. எதை நிலையாகக் கொள்கிறோம் என்பது மாறினால் கேட்பவனுடைய உலகமே மாறிவிடுகிறது. பாடகி எந்தச் சுரத்தைக் குரலாக வைத்திருக்கிறாள் என்று தெரியாதவன் அவள் பிடியில் இருக்கிறான். தெரிந்தவனோ தன் மனதுக்குள் வேறொரு சுரத்தைக் குரலாகப் பிடித்துக்கொண்டு அதே பாட்டை வேறு பாலையாகக் கேட்டுவிடலாம். மந்திரம் அவனைத் தொடாது. இன்னும் ஒரு படி மேலே போய், அவன் சத்தமாக ஒரு சுருதியைப் பிடித்தாலே அவள் பாட்டு அவன் பாலைக்குத் திரும்பிவிடும், மந்திரம் அவன் கைக்குப் போய்விடும்.

இப்படி வைத்தால் அவள் இறுக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தன் குரல் எங்கே நிற்கிறது என்பது அவளுடைய நாட்டு ரகசியம். பேச்சிலும் ஒரு சுருதி உண்டு. கோபத்தில் ஏறும், அழுகையில் உடையும், பயத்தில் நடுங்கும். கூர்ந்து கேட்கிறவன் அதிலிருந்தே அடித்தளத்தைக் கண்டுபிடித்துவிடுவான். அதனால்தான் அவள் தட்டையாகப் பேசுகிறாள், யார் எதிரிலும் அழுவதில்லை. அவையில் குரல் உயர்த்தாதது கர்வத்தால் அல்ல.

மேலே பஞ்சமம் இல்லாதது என்று சொன்னேனே, செவ்வழிப்பாலை, அதை விட்டுவிடாதீர்கள். அங்கே நிற்கும் குரலுக்குச் சரியான இளி கிடைக்காது. இரண்டு மத்யமம்தான் வரும். கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாவில் அதற்கு இடமே இல்லை. தம்புராவில் சட்ஜமும் பஞ்சமமும் ஒலிக்க அதன்மேல் சாய்ந்து பாடிப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு தனிமையான இடம் என்று தெரியும். பிடிமானமே இருக்காது. ஏழு தலைவர்களில் ஒருவனை அந்தப் பாலையால் மட்டுமே தொட முடியும் என்று வையுங்கள். அவள் கடைசிவரை தள்ளிப்போடுவது அவனாகத்தான் இருக்கும்.

சுரங்களுக்குள் உறவு முறைகூட உண்டு: இணை, கிளை, பகை, நட்பு. அரசவைக் கதைக்கு வேறென்ன வேண்டும்?

மலைத்தேன்:

அருமையான கட்டமைப்பு. ஆனால் நிலா, ஒரு எச்சரிக்கை. கிரகபேதம் தெரிந்த வாசகர் நூற்றில் ஒருவர் இருப்பார். மற்றவர்களுக்கு மந்திர விதி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நறுவீ கல்லாகத்தான் தெரிவாள். உங்கள் நண்பர்கள் சொன்ன குறை விதியில் இல்லை. நீங்கள் அவளை மற்ற பாத்திரங்களிடமிருந்து மறைக்கும்போது எங்களிடமிருந்தும் சேர்த்து மறைத்துவிட்டீர்கள். அமைச்சருக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரிய வேண்டும். அவள் என்ன ஆசைப்படுகிறாள் என்பது முதல் பக்கத்திலேயே எங்கள் கையில் இருந்தால், அவள் முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் நாங்கள் அவளுக்காகத் துடிப்போம்.

வரலாற்றிலிருந்து ஒன்று. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் 1558-இல் 25 வயதில் அரசியானவர். வர்ஜினல் என்ற சிறு விசைக்கருவியை நன்றாக வாசிப்பார். 1564-இல் ஸ்காட்லாந்து அரசி மேரியின் தூதராக ஜேம்ஸ் மெல்வில் வருகிறார். அரசி தனியாக வாசித்துக்கொண்டிருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒருவர் அவரை ரகசியமாகக் கூட்டிப்போகிறார். மெல்வில் திரையை விலக்கி உள்ளே போய்க் கேட்டுக்கொண்டே நிற்கிறார். திரும்பிப் பார்த்த அரசி உடனே வாசிப்பை நிறுத்திவிட்டு, அடிப்பதுபோல் இடக்கையை ஓங்கிக்கொண்டு வருகிறார். ஆண்கள் முன்னால் வாசிக்கும் வழக்கம் எனக்கில்லை, தனிமையில் மனச்சோர்வு தீரத்தான் வாசிப்பேன் என்கிறார். சற்று நேரத்தில் அவரே கேட்கிறார்: நான் நன்றாக வாசிக்கிறேனா, உங்கள் மேரி நன்றாக வாசிக்கிறாரா?

மெல்வில் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தது இது. இந்தச் சின்னக் காட்சியில் எல்லாமே இருக்கிறது. மறைக்கிறார், கோபப்படுகிறார், உண்மையான ஒரு துயரத்தைச் சொல்லிவிடுகிறார், உடனே போட்டி மனம் வெளியே வந்துவிடுகிறது. ஒளிந்து கேட்டது உண்மையிலேயே தற்செயலா, தூதர் கேட்கட்டும் என்று அரசியே ஏற்பாடு செய்ததா என்றுகூடச் சந்தேகப்படலாம். இறுக்கமான பெண்ணை எழுத இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அவளை அழவிட வேண்டாம். ஆசைப்பட விடுங்கள். யார் சிறந்த பாடகி என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு அவளுக்கு இருக்கட்டும்.

பறையொலி:

எல்லோரும் அரசியைப் பற்றியே பேசுகிறீர்கள். இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சங்கப் பாட்டில் யாழ் யார் தோளில் தொங்குகிறது? பாணன் தோளில். பாடி ஆடுபவள் விறலி. பறை, முழவு, துடி எல்லாம் கையேந்தி வாழ்ந்த மக்களுடைய கருவிகள். அரசன் கேட்டான், பரிசு கொடுத்தான். அவன் வீட்டு முரசைக்கூட அவன் தட்டவில்லை. இசையால் நாட்டை ஆளும் அரசி என்றால், அந்தக் கலையை அவள் யாரிடமிருந்து எடுத்தாள், அவர்களுக்கு என்ன கொடுத்தாள் என்பதைச் சொல்லாமல் கதை நகரக் கூடாது. பிறந்தபோதே கந்தர்வக் குரல் என்று எழுதினால் அது அவர்கள் உழைப்பை அழிப்பது.

ஆசிரியை ஒருத்தி வேண்டும். ஒரு விறலி. தயவுசெய்து அவளைச் சாகடித்துவிடாதீர்கள். உயிரோடு இருக்கட்டும், இன்னொரு தலைவனின் ஊரில் இருக்கட்டும். காரணம் சொல்கிறேன். பாணரும் விறலியரும் ஒரே அரசனிடம் தங்குபவர்கள் இல்லை. பரிசில் பெற்றவர் எதிரே வருபவருக்கு வழிசொல்லி இன்ன வள்ளலிடம் போ என்று அனுப்புவதுதானே ஆற்றுப்படை. எல்லா நாட்டு வாயிலும் அவர்களுக்குத் திறந்திருக்கும். சுருதிப்பெட்டி சொன்ன விதிப்படி நறுவீயின் குரல் எங்கே நிற்கிறது என்று உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தொழில் முறையிலேயே பகைவனின் வாசலுக்குப் போய்ப் பாடுகிறவள். அவளைத் தடுக்க முடியாது. சிறைவைத்தால், தீங்கு செய்தால், பாணர் கூட்டம் முழுக்க இந்த அரசியைப் பாடுவதை நிறுத்திவிடும். பாடப்படாத அரசுக்குப் பெயர் ஏது?

நெய்தல்நிலா:

தோழர், இதைப் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை. ஆசிரியை வந்துவிட்டாள். பெயர் இன்னும் வைக்கவில்லை.

மலைத்தேன் அக்கா, ஆசையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆனால் முழு மனதையும் வாசகருக்குத் திறந்துவிட எனக்குச் சம்மதமில்லை. அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு இருக்கத்தான் வேண்டும்.

கார்த்திகைவிளக்கு:

பறையொலி சொன்னதில் ஒரு பகுதியை மறுக்க வேண்டியிருக்கிறது. அரசர் வாசித்ததே இல்லை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பெருங்கதை என்னும் காப்பியத்தின் உதயணன் வத்தவ நாட்டு மன்னன். அவனுடைய கோடவதி யாழுக்கு மதயானை பணியும். அவனைப் பிடிக்க உச்சயினி மன்னன் பிரச்சோதனன் செய்த சூழ்ச்சி கவனிக்கத்தக்கது. பொய்யானை ஒன்றைச் செய்து, உள்ளே வீரர்களை ஒளித்துக் காட்டில் நிறுத்தினான். யாழால் யானையை வசப்படுத்துகிறவன் யானையைத் தேடி வருவான் என்று தெரிந்தே வைத்த பொறி. பிறகு நளகிரி என்ற பட்டத்து யானை மதம் பிடித்து ஓடியபோது அந்தச் சிறையாளிதான் யாழ் வாசித்து அடக்க வேண்டியிருந்தது. பகைவன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்றுக்கொடுத்தவனும் அவனே.

எந்தத் திறமை அவள் பலமோ அதுவே அவளைப் பிடிக்கும் தூண்டிலாகவும் ஆகும். நறுவீக்கு ஒரு பொய்யானையை அனுப்புங்கள்.

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையையும் பாருங்கள். வித்தியாதர மன்னன் கலுழவேகன் மகள். இசையில் தன்னை வெல்பவனையே மணப்பாள். இராசமாபுரத்து அவையில் அவள் பாடியபோது புருவம் ஏறவில்லை, கண் அசையவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தெரியவில்லை. இவள்தான் பாடினாளா, வீணைக்கு நாக்கு முளைத்து அதுவே பாடிற்றா என்று கேட்டவர்கள் உருகிப்போனார்கள் என்கிறார் திருத்தக்கதேவர். பாடும்போது உடல் எதையும் காட்டிக்கொடுக்காமல் இருப்பது அங்கே கலையின் உச்சம். நறுவீயின் அசையாத முகத்துக்கு இதைவிட உயர்ந்த முன்னோடி கிடையாது. அந்த முகத்தைக் குறை என்று சொல்லும் நண்பர்களிடம் இந்தப் பாட்டைக் காட்டுங்கள்.

அதே இடத்தில் சீவகனிடம் கொடுக்கப்படும் வீணைகளை அவன் ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லி ஒதுக்குவான். நீரில் கிடந்த மரம், இடி விழுந்த மரம், நரம்பில் மயிர் என்று வரும். நல்ல கைக்குக் கெட்ட கருவியைக் கொடுப்பது பழைய தந்திரம்.

நெய்தல்நிலா:

ஐயா, நீங்கள் சொன்ன பொய்யானை, கெட்ட வீணை, பறையொலி தந்த ஆசிரியை எல்லாம் சேர்ந்து ஒரு காட்சியாகிவிட்டது. வரைவைப் போடுகிறேன். தயங்காமல் கிழியுங்கள்.

"மூன்றாம் மலைத்தலைவன் கோடன் யாழைத் தானே ஏந்தி வந்தான். அவை முழுவதும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினான்.

'அரசி இதில் ஒரு பண் தொட்டால் மலைநாடு மூன்று தலைமுறைக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.'

நறுவீ யாழை மடியில் வாங்கினாள். மூன்றாம் நரம்பின் முறுக்குக்குள் ஒற்றை மயிர் ஓடியது. யாழ்க்குடமான பத்தரின் உட்புறத்திலிருந்து மெல்லிய கருகல் வாடை வந்தது. இடி வாங்கிய மரம். இதில் எந்த நரம்பைத் தொட்டாலும் அது அரைச் சுரம் விலகும். விலகியதைச் சரிக்கட்டத் தொண்டை தானாக நகரும். அந்த நகர்வைக் கேட்பதற்காகவே அவையின் கோடியில், கோடனின் ஆட்களுக்கு நடுவே, ஒருத்தி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நரைத்த கூந்தல். முழங்காலில் தாளம் போடாத விரல்கள். அந்த விரல்கள் தாளம் போடாமல் இருந்து நறுவீ ஒருநாளும் பார்த்ததில்லை.

'நல்ல மரம்' என்றாள். யாழைத் தோழியிடம் நீட்டினாள். 'தலைவரின் முரசை நான் இன்னும் பார்க்கவில்லையே. கொண்டுவரச் சொல்லுங்கள்.'

கோடனின் சிரிப்பு நிற்கவில்லை. கை மட்டும் இடுப்புக்குப் போயிற்று."

சுருதிப்பெட்டி:

விரல்கள் தாளம் போடாத இடம் பிரமாதம். ஆசிரியை தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறாள் என்பது மாணவிக்கு மட்டும் தெரிகிறது.

இசைத் திருத்தம் ஒன்று. மயிர் கலந்த நரம்பு ஒழுங்காக அரைச் சுரம் விலகாது. அப்படி விலகினால் யாரும் முறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம். தடிமன் சீராக இல்லாத நரம்பு தன்னோடு தானே ஒத்துப்போகாது. அடிச்சுரம் ஒரு இடத்தில் நிற்கும், அதன் மேலொலிகள் வேறு பக்கம் இழுக்கும், கலங்கலாகக் கேட்கும். சரிசெய்யவே வழியில்லை. பாடுகிறவள் எந்தச் சுருதியோடு சேர்வது என்று தொண்டையால் துழாவுவாள். உங்கள் காட்சிக்குத் தேவையானதும் அந்தத் துழாவல்தான்.

இன்னொன்று, உலர்ந்த மலைக்காற்றில் கட்டிய குடல் நரம்பு உங்கள் உப்பங்கழி ஈரத்துக்கு வந்தால் சுருதி நிலைகொள்ளாது. நறுவீ கழியிலேயே வளர்ந்தவள். ஈரக்காற்றுக்கு நரம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று அவளுக்கு அத்துப்படி. மலைக்காரனுக்குத் தெரியாது. அவள் யாழைத் திருப்பிக் கொடுக்காமல், "இரவு முழுக்க இங்கேயே இருக்கட்டும், காலையில் தொடுகிறேன்" என்று சொன்னால்? விடிவதற்குள் பொறி தானே குலைந்துவிடும்.

மலைத்தேன்:

அதைவிட முரசு கேட்டதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு வரி சேருங்கள். யாழ் மடிக்கு வந்த நொடியில் அவள் விரல் தானாக மடங்கியிருக்க வேண்டும். நெடுநாளாக யார் முன்னாலும் வாசிக்காதவள். ஒவ்வொரு இரவும் சன்னல் சாத்தி, நரம்பில் துணி போர்த்தி வாசிப்பவள். இப்போது அவை முழுக்க வாசி வாசி என்று கேட்கிறது, எதிரே தன் ஆசிரியை. வாசிக்க அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும்! மடங்கிய விரலை அவள் நிமிர்த்துவதை மட்டும் எழுதுங்கள். உங்கள் நண்பர்கள் யாரும் பிறகு கல் என்று சொல்லமாட்டார்கள்.

பறையொலி:

முரசு விஷயம் உங்களுக்குத் தெரிந்து எழுதினீர்களா தெரியாது. அன்றைய போரில் பகைவனின் காவல்மரத்தை வெட்டுவதும் முரசைக் கைப்பற்றுவதும்தான் வெற்றியின் அடையாளம். கடம்பமரத்தை வெட்டி முரசு செய்த சேரனைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. முரசுக்குத் தனிக் கட்டில் உண்டு, அதில் வேறு யாரும் படுக்கக் கூடாது. தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிய மோசிகீரனாரை வெட்டாமல், பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி வீசினான் என்பது புறநானூறு 50. ஆக, விருந்தாளியிடம் உன் முரசைக் காட்டு என்று கேட்பது கிட்டத்தட்டப் போர் அறிவிப்பு.

அவளுடைய பேராசைக்கு இதையே உருவமாக்குங்கள். ஏழு முரசு. கருங்கழி அரண்மனையில் ஏழு வெறும் கட்டில்களை அவள் ஏற்கெனவே செய்யச் சொல்லி வைத்திருக்கிறாள். தச்சனுக்குக்கூட எதற்கென்று தெரியாது. மலைத்தேன் கேட்ட முதல் பக்கம் அதுதான்.

நெய்தல்நிலா:

ஏழு வெறும் கட்டில்கள்! தோழர், அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அவள் ஆசைக்கு முடிவில் விலை வைக்க வேண்டுமா? நண்பர் ஒருவர் சொல்கிறார், ஏழு முரசும் கிடைத்ததும் அவள் குரல் போய்விட வேண்டும், அப்போதுதான் கதைக்கு நியாயம் இருக்கும் என்று.

மலைத்தேன்:

வேண்டவே வேண்டாம். நாடு பிடிக்கப் புறப்பட்ட இளவரசனுக்கு எந்தக் கதையிலாவது குரல் போயிற்றா? ஆசைப்பட்ட பெண் இறுதியில் எதையாவது இழந்தே ஆக வேண்டும் என்பது நமக்குள் ஊறிப்போன பழக்கம். காகதீய அரசி ருத்ரமாதேவி ருத்ரதேவ மகாராஜன் என்ற ஆண்பெயரோடு கல்வெட்டில் நிற்கிறார். ஆள்வதற்கே அவர் கொடுக்க வேண்டியிருந்த விலை அது. நறுவீ தன் பெயரிலேயே ஆளட்டும். விலை இருக்கலாம், ஆனால் அது தண்டனையாக வரக் கூடாது, அவளே தேர்ந்துகொண்டதாக இருக்க வேண்டும்.

பறையொலி:

நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அவள் குரல் போக வேண்டாம், சரி. ஆனால் கழிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக மலைக்காரர்களின் முரசைப் பிடுங்குவது அவர்களுக்கு என்ன? கோடனின் ஊர் உழவன் இவளை எப்படிப் பார்ப்பான்? ஒரு அத்தியாயமாவது அவன் வாயால் சொல்லுங்கள். வாசகர் அவளை நேசிக்க வேண்டும், அவளுக்கு வக்கீலாகக் கூடாது.

கார்த்திகைவிளக்கு:

இரண்டுக்கும் பொதுவாக ஒரு காட்சி தருகிறேன். புறநானூறு 281, அரிசில் கிழார் பாட்டு. புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கப் பெண்கள் வீட்டில் இரவமும் வேம்பும் செருகி, யாழும் பல கருவிகளும் ஒலிக்க, வெண்கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, மணப்புகை எழுப்பி, வா தோழி, இவனைக் காப்போம் என்கிறார்கள். இசையால் புண்பட்டவனைக் காப்பது.

போருக்குப் பிறகு கோடன் புண்பட்டு இவள் பாசறையில் கிடக்கிறான். காஞ்சி பாட வேண்டும். விடிய விடியப் பாட வேண்டும். சுருதிப்பெட்டியின் விதிப்படி இரவு முழுக்கக் கேட்பவனுக்கு அவள் குரல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பாடாவிட்டால் செத்துப்போவான், முரசு அவளுக்கு. பாடினால் உலகில் இரண்டாவதாக ஒருவனுக்கு அவள் ரகசியம் தெரியும். முடிவை அவளே எடுக்கட்டும்.

சுருதிப்பெட்டி:

ஐயா, இதைப் படித்ததும் கைதட்டிவிட்டேன். நிலா, அங்கே அவள் தனியாகப் பாட வேண்டாம். ஆசிரியையை வரவழைக்கலாம். இருவரும் மாறிமாறிப் பாடினால் யார் குரல் எது என்று படுத்திருப்பவனுக்குப் பிரித்தறிய முடியாது. ஆனால் அதற்கு அவள் ஆசிரியையிடம் போய், அவையில் உன்னைப் பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பாடுவதைவிட அது கடினம்.

நெய்தல்நிலா:

அவள் போவாள். போய் முதலில் கேட்பது மன்னிப்பும் இல்லை, உதவியும் இல்லை. "அன்றைக்குக் கோடன் கொடுத்த யாழில் நான் வாசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பாயா?" என்று கேட்பாள். மலைத்தேன் அக்கா சொன்ன அரிப்பு அங்கேதான் வெளிப்படும்.

ஆசிரியையின் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன். சுருதிப்பெட்டி, காஞ்சி பாடும் இரவில் எந்தச் சாமத்தில் அவர்கள் பாலை மாற்ற வேண்டும், மூன்றாம் சாமத்தில் செவ்வழிப்பாலைக்குப் போகலாமா என்று மட்டும் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்த அத்தியாயத்தைப் பதிவேன்.

சுருதிப்பெட்டி:

போகலாம், ஆனால் விடியலுக்கு மிக அருகில் வேண்டாம். செம்பாலையில் தொடங்கி, நடுச்சாமத்தில் விளரிப்பாலை, மூன்றாம் சாமத்தில் செவ்வழிப்பாலை. அந்தச் சாமம் முழுக்க ஆசிரியை பாடாமல் சுருதி மட்டும் பிடிக்கட்டும், இளி இல்லாத இடத்தில் மாணவிக்கு ஒரு பிடிமானம் வேண்டும். பொழுது வெளுக்கும் முன் அரும்பாலைக்கு வந்துவிடுங்கள்.